கடைசிப் படகுக்கு முன்னால்

பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு பரம்பரையால் வருகிறதா, வைரசால் வருகிறதா? உலக ஆய்வுகூடங்கள் துருவிக்கொண்டிருக்கும் கேள்வி இது. கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத் தீவகத்தில் இதனுடன் நேரக் கணக்கு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகில் ஏற்றும் சாமான்களைப் பார்த்தாலே தீவின் சீவியம் பாதி விளங்கிவிடும். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், கோழித்தீன், வாழைக்குலை. இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு தாயின் மடியில் சுடுதண்ணிப் போத்தல் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ்கட்டி. அதன் மேல் துணியால் சுற்றிய சிறு கண்ணாடிக் குப்பி. குப்பி ஐஸில் நேரே பட்டால் உள்ளிருக்கும் மருந்து உறைந்து பழுதாகும். வெயிலில் கிடந்தாலும் பழுதாகும். அதற்குத்தான் அந்தத் துணி.

குப்பிக்குள் இருப்பது இன்சுலின். அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு தீவு இருக்கிறது. இலத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. 1869இல் பெர்லினில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மருத்துவ மாணவர் பவுல் லாங்கர்ஹான்ஸ், சதையியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். சுற்றியுள்ள கலங்களோடு சேராமல் திட்டுத்திட்டாகத் தனித்து நிற்கும் கலக்கூட்டங்கள் கண்ணில் பட்டன. அவை என்ன வேலை பார்க்கின்றன என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1893இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் லாகெஸ் அவற்றுக்கு ‘லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள்’ என்று பெயர் வைத்தபோது அதைக் கேட்க லாங்கர்ஹான்ஸ் உயிரோடு இல்லை. காசநோய் கண்டு மதீராத் தீவில் போய்த் தங்கியவர் 1888இல் அங்கேயே காலமாகியிருந்தார்.

ஒரு மனிதருடைய சதையியில் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுதீவுகள் உண்டு. அவற்றிலுள்ள பீற்றா கலங்களே இன்சுலினைச் சுரக்கின்றன. முதலாம் வகை நீரிழிவில், உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி இந்தக் கலங்களைப் பகையென்று எண்ணி அழிக்கிறது. மாதக்கணக்கில், சிலரில் வருடக்கணக்கில், வெளியே எந்தச் சத்தமும் இல்லாமல் இது நடக்கும். கலங்களில் பெரும்பகுதி போன பிறகுதான் பிள்ளைக்கு விடாய் எடுக்கத் தொடங்கும்.

அப்புவின் வருத்தம் வேறு, பேரனின் வருத்தம் வேறு

தீவகத்தில் ‘சீனி வருத்தம்’ என்றால் எல்லார் நினைவிலும் வருபவர் அப்பு அல்லது ஆச்சி. மாதாந்தக் கிளினிக், கொப்பி, குளிசைச் சரை, ‘சோத்தைக் குறையுங்கோ’ என்ற புத்திமதி. அது இரண்டாம் வகை. உடலில் இன்சுலின் இருக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் அதற்கு உதவும்.

முதலாம் வகையில் இன்சுலினே இல்லாமல் போகிறது. குளிசை அதற்குச் சரிவராது. பத்தியமும் பாவற்காய்ச் சாறும் அழிந்த கலங்களை மீட்டுத் தரா. ஊசியை நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்து வரும். இரண்டு வருத்தங்களையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் பல வீடுகளில் குழப்பம் தொடங்குகிறது. ஆச்சிக்குச் சரிவந்த வைத்தியம் பேத்திக்கும் சரிவரும் என்று யாராவது சொல்லுவார்கள். ஊசி ஒரு நேரம் தவறும். பிறகு இன்னொரு நேரமும்.

நோயென்று தெரியவந்ததும் பெற்றோர் வாயிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. “இனிப்புக் கூடக் குடுத்ததாலயோ?” “எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லையே?” “சொந்தத்துக்குள்ள கட்டினதாலயோ?” முதல் கேள்விக்குப் பதில் எளிது: இல்லை. தோதலும் பனங்கட்டியும் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. மற்ற இரண்டுக்கும் பதில் தேட ஆறாம் நிறமூர்த்தத்துக்குப் போக வேண்டும்.

ஆறாம் நிறமூர்த்தத்தின் அடையாள அட்டை

ஒரு கலம் உடலுக்குச் சொந்தமானதா, வெளியாளா என்று காட்டும் அடையாள அட்டைகள் போன்ற புரதங்கள் உண்டு. அவற்றுக்கான மரபணுக்களின் தொகுதிக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அது இருப்பது ஆறாவது நிறமூர்த்தத்தில். 1974இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்ன் நேருப் குழுவினர் இந்தத் தொகுதிக்கும் முதலாம் வகை நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டுவந்தனர். அதே வருடம் இலண்டனில் பொட்டாசோவும் டோனியாக்கும், நோயாளிகளின் குருதியில் சிறுதீவுகளைக் குறிவைக்கும் பிறபொருளெதிரிகள் இருப்பதைக் கண்டனர். அதுவரை வெறும் ‘சிறுவர் நீரிழிவு’ என்றிருந்தது, உடல் தன்னையே தாக்கும் நோய் என்று அதற்குப் பிறகுதான் தெளிவானது.

பரம்பரையால் வரும் ஆபத்தில் ஏறத்தாழ பாதி இந்த எச்.எல்.ஏ. பகுதியிலேயே இருக்கிறது. டிஆர்3, டிஆர்4 என்று அழைக்கப்படும் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஐரோப்பிய இனத்தவரில் இரண்டும் ஒன்றாக வாய்த்த பிள்ளைகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நோய் வருகிறது. திருப்பிப் பார்த்தால், பத்தொன்பது பேருக்கு வருவதில்லை. நோய்க்கு எதிராகக் காவல் நிற்கும் எச்.எல்.ஏ. வகைகளும் உண்டு. இவற்றுக்கு அப்பால், சிறிய அளவில் பங்களிக்கும் மரபணுப் பகுதிகள் 60க்கு மேல்.

ஐரோப்பாவில் இரண்டு வகைகளும் பலமாக இருக்க, இந்தியத் துணைக்கண்டத்தில் டிஆர்3இன் கையே ஓங்கி நிற்கிறது என்று டில்லி எய்ம்ஸில் மெஹ்ராவின் குழு செய்த ஆய்வுகள் காட்டின. ஐரோப்பியர்களை வைத்துச் செய்த மரபணுக் கணக்கு நம்மவருக்கும் பொருந்துமா என்று புனே கே.இ.எம். மருத்துவமனை, ஐதராபாத் சி.சி.எம்.பி., இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து 2020இல் சோதித்துப் பார்த்தன. பொருந்தியது. முதலாம் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்தறிய அது இந்தியர்களிலும் உதவியது.

“பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லையே” என்ற கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. நோய் கண்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதத்தினரின் நெருங்கிய குடும்பத்தில் வேறு எவருக்கும் அது இருப்பதில்லை. தாய்வழியில் கொஞ்சம், தகப்பன்வழியில் கொஞ்சமாக, இருவரையும் எதுவும் செய்யாதிருந்த மரபணுக்கள் ஒரு பிள்ளையில் வந்து கூடுகின்றன. மேற்கு நாட்டுக் கணக்கில், தாய்க்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதம். தகப்பனுக்கு இருந்தால் 6.

சொந்தத்துக்குள் கட்டுவதால் பெருகுவது ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் அரிய நோய்கள். முதலாம் வகை அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. ஒரு விலக்கு உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வந்தால் அது பெரும்பாலும் முதலாம் வகையாக இராது, ஒற்றை மரபணுக் கோளாறாகவே இருக்கும். அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சென்னையில் மோகன் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் மரபணுச் சோதனை செய்கிறது. சரியான மரபணு மாற்றம் பிடிபட்டால் சில பிள்ளைகளை ஊசியிலிருந்து குளிசைக்கே மாற்றிவிடலாம்.

இனி இரட்டையர்கள். ஒரே முட்டையிலிருந்து பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணுவில் வித்தியாசம் கிடையாது. ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பல ஆய்வுகளில் 30 முதல் 50 சதவீதமே. பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தால் இந்த எண் கூடுகிறது, ஆனாலும் நூறைத் தொடுவதில்லை. பரம்பரை மட்டுமே எல்லாம் என்றால் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து சேருகிறது.

கூகைக்கட்டிலிருந்து கொக்ஸாக்கி வரை

அந்த ஏதோ ஒன்றின் மீது சந்தேகம் விழுந்து 160 வருடங்களாகின்றன. 1864இல் நோர்வே மருத்துவர் ஒருவர், கூகைக்கட்டு வந்து மாறியவருக்கு நீரிழிவு தொடங்கியதை எழுதிவைத்தார். காரைநகரின் சீநோர் படகுத் தொழிலாலும் பிறகு புலம்பெயர்வாலும் நம்மவருக்கு நெருக்கமான அதே நோர்வே இந்தக் கதையில் இன்னொரு தடவையும் வரும்.

அடுத்த தடயம் ருபெல்லா. கர்ப்பத்தில் இருந்தபோது தாய்க்கு ருபெல்லா வந்து, அதனால் கண்புரையோடும் செவிட்டுத்தன்மையோடும் பிறந்த பிள்ளைகளை அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் கவனித்தார்கள். வளர்ந்தபோது அவர்களில் கணிசமானோருக்கு நீரிழிவு வந்தது. அப்படி வந்தவர்களிடையே டிஆர்3 கூடுதலாக இருந்ததை 1980களின் தொடக்கத்தில் நியூயோர்க் ஆய்வாளர்கள் கண்டனர். வைரசும் மரபணுவும் ஒரே ஆளில் சந்தித்ததற்குக் கிடைத்த ஆரம்பச் சான்று அது. இலங்கையில் 1996இலேயே ருபெல்லாத் தடுப்பூசி வந்துவிட்டது. 2011இல் கூகைக்கட்டுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். தொடங்கியது. சின்னமுத்தையும் ருபெல்லாவையும் இலங்கை ஒழித்துவிட்டது என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே இந்த இரண்டு வாசல்களும் இங்கே பெரும்பாலும் சாத்தியாகிவிட்டன.

திறந்திருக்கும் வாசல் கொக்ஸாக்கி. நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள சிற்றூரின் பெயர் அது. 1948இல் டால்டோர்ஃபும் சிக்கிள்ஸும் அவ்வூர்ப் பிள்ளைகளிடமிருந்து இந்த வைரசைப் பிரித்தெடுத்தனர். போலியோவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். குடலில் பெருகி, கையாலும் தண்ணீராலும் பரவும். பெரும்பாலும் இரண்டு நாள் காய்ச்சல், தொண்டைநோ, கொஞ்சம் வயிற்றுக் குழப்பம், அவ்வளவுதான். தாய்மார் அதை மறந்தும் போவார்கள்.

1979இல் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சளிக்காய்ச்சல் போன்ற ஒன்றுக்குப் பிறகு நீரிழிவு முற்றி இறந்தான். அவனுடைய சதையியிலிருந்து கொக்ஸாக்கி பி4 வைரசை ஜி-வொன் யூன் குழுவினர் பிரித்தெடுத்தனர். எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளுக்கும் நீரிழிவு வந்தது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அவ்வளவு அப்பட்டமான நிகழ்வுகள் அரிது. பெரும்பாலான பிள்ளைகளில் நோய் வெளிப்படும் நேரத்தில் வைரசு எப்போதோ போய்விட்டிருக்கும்.

அதனால் நோய் வருவதற்கு முன்பிருந்தே பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன், ஜேர்மனி ஆகிய நான்கு நாடுகளில் 2004இல் தொடங்கிய ‘டெடி’ ஆய்வு, பிறந்த பிள்ளைகள் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்து, மரபணு ஆபத்துள்ள 8,676 பேரைத் தேர்ந்து பின்தொடர்ந்தது. அவர்களுடைய மலத்தைக்கூட மாதாமாதம் சேகரித்தார்கள். 2019இல் வந்த முடிவு கவனிக்கத்தக்கது. கொக்ஸாக்கி பி போன்ற குடல்வைரசு வந்து சட்டென்று போன பிள்ளைகளை விட, அதே வைரசு நெடுநாள் தங்கிய பிள்ளைகளிலேயே சிறுதீவுகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் கூடுதலாகத் தோன்றின.

சதையியை உயிரோடிருப்பவரிடம் பார்க்கத் துணிந்தவர்கள் ஒஸ்லோக்காரர்கள். புதிதாக நோய் கண்ட ஆறு பெரியவர்கள் தாமாக முன்வந்து சதையியில் சிறு துண்டு எடுக்க இணங்கினர். சத்திரசிகிச்சைச் சிக்கல்களால் அந்த ஆய்வு ஆறு பேருடன் நின்றது. ஆனால் 2015இல் வெளியான முடிவில் ஆறு பேருடைய சிறுதீவுகளிலும் குடல்வைரசின் புரதம் இருந்தது. அதே குழு 2023இல் இன்னொரு படி போனது. புதிதாக நோய் வந்த 96 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வைரசு எதிர்ப்பு மருந்துகளை ஆறு மாதம் கொடுத்தது. ஒரு வருடம் கழித்து, மருந்து எடுத்தவர்களிடம் சொந்த இன்சுலின் சுரப்பு கூடுதலாக மிஞ்சியிருந்தது. நோய் மாறவில்லை, வேகம் குறைந்தது.

பீற்றா கலங்களின் மேற்பரப்பில் கொக்ஸாக்கி வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பி நிறைய உண்டு. உள்ளே போன வைரசு பதுங்கிக் கிடக்க, கலம் அபாயக்கொடி காட்டுகிறது. அந்தக் கொடியைப் பார்த்து ஓடி வரும் படை, அடையாள அட்டையைப் பிழையாக வாசிக்கும் மரபணு உள்ள பிள்ளைகளில், வைரசோடு கலத்தையும் சேர்த்து அழிக்கிறது. ஆய்வாளர்கள் பலர் இப்போது நம்பும் விளக்கம் இதுதான். முழுமையாக நிறுவப்பட்டுவிட்டது என்று அவர்களே சொல்வதில்லை.

அதே இரத்தம், வேறு ஊர்

மரபணு மாற நூறு தலைமுறை வேண்டும். ஊர் மாற ஒரு விமானச்சீட்டுப் போதும். இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் குடியேறிய தெற்காசியரின் பிள்ளைகளில் 1978–81 காலத்தில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 3.1 பேருக்கு முதலாம் வகை வந்தது. 1988–90இல் அது 11.7 ஆகி, உள்ளூர் வெள்ளையரின் அளவை எட்டிப்பிடித்தது. பத்து வருடத்தில் யாருடைய மரபணுவும் மாறவில்லை. இந்த நோய் நம்மவருக்கு வராது என்ற எண்ணத்தைச் சென்னையும் உடைத்தது. 1990களின் முற்பகுதியில் இராமச்சந்திரன் குழுவினர் அங்கே எடுத்த கணக்கு, ஒரு இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு 10.5.

பின்லாந்தும் எல்லைக்கு அப்பால் இருக்கும் ரஷ்யாவின் கரேலியாவும் இன்னொரு புதிர். மரபணு ஏறத்தாழ ஒன்றுதான். நோயோ பின்லாந்தில் ஆறு மடங்கு. சுத்தமும் வசதியும் கூடிய பக்கத்தில்தான் நோய் கூடுதல். குடல்வைரசுகள் மலிந்த ஊரில் பிள்ளை தாய்ப்பாலின் காவலில் இருக்கும் வயதிலேயே அவற்றைச் சந்தித்துப் பழகிவிடுகிறது, சுத்தமான ஊரில் காவல் போன பிறகு முதல் தடவை சந்திக்கிறது என்பது ஒரு விளக்கம். கிணற்றடியில் குளித்து வளர்ந்த புங்குடுதீவுத் தாய்க்கு ஸ்காபரோவில் பிறக்கும் பிள்ளை இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்பது தீவக வீடுகளுக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் ரொறன்ரோவில் சங்கங்களே இருக்கின்றன.

இன்சுலின் பிறந்ததும் அதே ரொறன்ரோவில்தான். 1921இல் பன்ரிங்கும் பெஸ்ட்டும் நாய்களில் சோதித்த சாற்றை, 1922 ஜனவரி 11இல் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஏற்றினார்கள். அப்போது அவனுடைய எடை 30 கிலோவுக்கும் குறைவு. முதல் ஊசி சரிவரவில்லை. கொலிப் சாற்றைச் சுத்திகரித்துத் தர, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசி வேலை செய்தது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு மாதங்களை நீட்டுவதைத் தவிர மருத்துவர்களிடம் வேறு வழி இருக்கவில்லை.

சோளகம் பெயர்ந்தால்

மரபணுவை மாற்ற முடியாது. எந்தக் காய்ச்சல் எந்தப் பிள்ளையின் சிறுதீவைத் தொடும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. தீவகத்தின் கையில் இருப்பது, நோய் தலைகாட்டியதும் அதை அடையாளம் காண்பது.

ஊர்காவற்றுறைக்குப் பண்ணைப் பாலத்தால் வாகனம் போகும், ஆதார வைத்தியசாலையும் உண்டு. நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து கால் மணி நேரப் படகு. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். குமுதினிப் படகோ வடதாரகைப் படகோ ஓடும் நாளில் அது சாதாரணப் பயணம். சோளகக் காற்று பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் நாளில் அப்படி அல்ல. நெடுந்தீவு வைத்தியசாலையிலிருந்து அவசர நோயாளியைக் கடற்படைப் படகில் கொண்டு வந்து, குறிகட்டுவானில் அம்புலன்சுக்கு மாற்றி, யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிய செய்திகள் தீவகத்துக்குப் புதியவை அல்ல.

முதலாம் வகை நீரிழிவு இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் சில நாள் அவகாசம் தருகிறது. முதலில் விடாய். பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கும். பிறகு அடிக்கடி சலம். பாயில் நனைக்கும் பழக்கத்தை விட்டு வருடங்களான பிள்ளை மறுபடி நனைக்கும். முற்றத்தில் சலம் பெய்த இடத்தில் எறும்பு மொய்க்கும். நன்றாகச் சாப்பிட்டும் மெலியும், காற்சட்டை இடுப்பில் நிற்காது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் களைத்துப் படுத்துவிடும்.

இந்த இடத்தில் விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துப் பார்த்தால் சில விநாடியில் விடை தெரிந்துவிடும். இந்த அறிகுறிகளோடு குருதி வெல்லம் 200ஐத் தாண்டினால் நீரிழிவுதான். ஆச்சியின் குளுக்கோமீற்றர் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அதைப் பேரனின் விரலில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சீனி வருத்தம் பெரியாக்களுக்கு வருவது என்ற நினைப்பு அவ்வளவு இறுகிப்போயிருக்கிறது.

அவகாசம் போய்விட்டால் அறிகுறிகள் வேடம் மாறும். இன்சுலின் இல்லாமல் கொழுப்பை எரிக்கும் உடலில் கீற்றோன் அமிலம் சேர, சத்தி வரும், வயிறு நோகும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும். வாயில் அழுகிய பழ வாசம் வரும். பார்ப்பவர்கள் இதை வயிற்றுக் குழப்பம் என்பார்கள், சளிக்காய்ச்சல் என்பார்கள். சில சமயம் உண்மையிலேயே ஒரு வைரசுக் காய்ச்சலும் கூடவே இருக்கும். சத்தி எடுக்கும் பிள்ளை, காய்ந்த நாக்கோடு சலம் மட்டும் தாராளமாகப் போனால் அது வெறும் வயிற்றுக் குழப்பமாக இருக்காது. அந்த நிலையில் நரம்பு வழித் திரவமும் இன்சுலினும் மணிக்கணக்கில் கவனித்து ஏற்றப்பட வேண்டும். விடிந்து பார்க்கலாம் என்று சொல்லும் இரவு இதுவல்ல.

வீட்டுக்குத் திரும்பிய பின் வேறு வேலைகள். இலங்கையில் அரச வைத்தியசாலையில் இன்சுலின் இலவசம். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு மண்பானை கைகொடுக்கும். ஈர மணல் போட்ட பெரிய பானைக்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பி, மேலே ஈரச்சாக்கு. கென்யாவின் டகஹாலே அகதி முகாமில் பதிவான வெப்பநிலையை ஆய்வுகூடத்தில் அப்படியே உண்டாக்கி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் இன்சுலினைச் சோதித்தன. 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் வீரியம் இழக்கவில்லை என்று 2021இல் அறிவித்தன. பிள்ளையின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு பனங்கட்டியோ குளுக்கோசோ இருக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் வெல்லம் இறங்கி மயக்கம் வரும். இனிப்பைத் தொடவே கூடாது என்று ஊரே கண்டிக்கும் பிள்ளைக்கு, அந்த நேரத்தில் இனிப்பே மருந்து. இதை வகுப்பு ஆசிரியரும் படகோட்டியும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வெளியுலகில் கதவுகள் மெல்லத் திறக்கின்றன. இரண்டோ அதற்கு மேலோ பிறபொருளெதிரிகள் தோன்றிய பிள்ளைகளில் பத்தில் ஏழு பேருக்குப் பத்து வருடத்தில் நோய் வருகிறது என்று 2013இல் கணக்கிட்டார்கள். அந்தக் கட்டத்திலேயே கொடுத்து, நோயைச் சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் பிற்போடும் ரெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கொக்ஸாக்கி பி வைரசுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று மனிதரில் முதற்கட்டப் பரிசோதனையைக் கடந்திருக்கிறது. போலியோவை இலங்கையிலிருந்து விரட்டியதும் ஒரு தடுப்பூசிதான். 1993க்குப் பிறகு இங்கே அந்த நோய் பதிவாகவில்லை. குடல்வைரசு வகையில் ஒன்று அப்படி ஒழிந்திருக்கும்போது, அதன் ஒன்றுவிட்ட சகோதரத்தையும் அப்படித் தடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுவதில் வியப்பில்லை.

அதுவரைக்கும் குறிகட்டுவானில் அந்தச் சுடுதண்ணிப் போத்தல் படகேறிக்கொண்டே இருக்கும். நெடுந்தீவுத் துறையில் இறங்கியதும் தாய் முதலில் மூடியைத் திறந்து பார்ப்பாள். ஐஸ் பாதி உருகியிருக்கும். துணியை அவிழ்த்துக் குப்பியைத் தொட்டுப் பார்ப்பாள். குளிர் இருக்கிறது. மூடியைத் திருகிவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டோ பிடிக்கப் போவாள்.